‘எந்தச் சட்டத்துல இருக்கு?’ – மலையகமும் சட்டவாட்சியும்

போன லீவுக்கு எங்கள்ல ஒருத்தி ஹட்டன் பக்கம் இருக்கிற தன்னுடைய தோட்டத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்குப் பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது ஒரு பிரச்சினை. அதுவரைக்கும் 18 கிலோ எடுத்தால் முழுப்பேர். அன்றைக்கு மட்டும், நிறுத்து முடிச்ச பிறகு, “இன்னைக்கு 20 கிலோ. குறைஞ்சா அரைப்பேர்தான்” என்று சொன்னாங்களாம். காலையில பெரட்டுல ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. மலைக்கு ஏறும்போதும் சொல்லவில்லை. கொழுந்து எடுத்து, கூடையைச் சுமந்து, வரிசையில வந்து நின்ற பிறகுதான் கணக்கு மாறினது.

எல்லாரும் முணுமுணுத்தாங்க. அவளுடைய சித்தி மட்டும் முன்னுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “இது எந்தச் சட்டத்துல இருக்கு?”

“துரையோட ஓடர்” என்பதுதான் பதில். அதோட பேச்சு முடிஞ்சது. சித்திக்கு அன்றைக்கு அரைப்பேர்.

இந்தக் கதையைக் கேட்டபோது எங்களுக்கு ஓ.எல். குடியியல் பாடம் ஞாபகம் வந்தது. “சட்டவாட்சியின் கருத்தையும் முக்கியத்துவத்தையும் விளக்குக” என்று ஒரு கேள்வி. நாங்கள் எல்லாரும் அதற்கு மனப்பாடமாக விடை எழுதியிருக்கிறோம். சட்டத்தின் முன் யாவரும் சமம், சட்டத்துக்கு மேலானவர் எவருமில்லை, நீதிமன்றம் சுதந்திரமாக இருக்க வேண்டும். முழுப் புள்ளியும் கிடைச்சது. ஆனால் அந்த மூன்று வரியும் தராசுக்குப் பக்கத்துல நின்ற ஒரு பெண் கேட்ட அதே கேள்விதான் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அதனால இந்தக் கட்டுரையில அந்தப் பாடத்தை மறுபடி படிக்கப் போறோம். புத்தகத்துல இருந்து இல்ல. மலையகத்தின் வரலாற்றிலிருந்து. ஏனென்றால் சட்டவாட்சி என்றால் என்ன, அது இல்லாவிட்டால் என்ன நடக்கும், சட்டம் இருந்தும் அது இல்லாமல் போவது எப்படி என்பதையெல்லாம் இந்த மலைகளை விடத் தெளிவாகச் சொல்லக்கூடிய இடம் இலங்கையில் அதிகம் இல்லை.

துரை சொன்னது சட்டம்

‘சட்டவாட்சி’ என்ற கருத்தை நவீன காலத்தில் பிரபலமாக்கியவர் ஏ.வி. டைசி என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர். 1885இல் வெளிவந்த அவருடைய நூலில் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஆளுபவருடைய விருப்பம் சட்டமாகாது, சட்டத்தை மீறியதாகச் சாதாரண நீதிமன்றத்தில் நிரூபிக்காமல் யாரையும் தண்டிக்க முடியாது, பெரிய அதிகாரியானாலும் சாதாரண ஆளானாலும் ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம்.

டைசி இதை எழுதிய அதே காலத்தில், அவருடைய நாட்டுக்காரர் ஆண்ட இலங்கையில், மலையகத் தோட்டங்களில் நடந்தது என்ன?

அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருந்தது. அதன்படி ஒரு தொழிலாளி முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் அது வெறும் ஒப்பந்த மீறல் இல்லை, குற்றம். சிறைக்கு அனுப்பலாம். பிறகு ‘துண்டு’ முறை வந்தது. ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பாங்க. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம்தான் அவரை எடுக்கலாம். தென்னிந்தியாவிலிருந்து கூட்டி வந்த செலவு, கங்காணி கொடுத்த முற்பணம், அரிசிக் கணக்கு எல்லாம் சேர்ந்து அந்தத் துண்டில் ஏறும். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருடைய வாழ்க்கை, அவரால் வாசிக்க முடியாத ஒரு துண்டில் இருந்தது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்டம் தனியார் காணி. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். வேலை போனால் லயமும் போகும். பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆகவே சட்டம் அங்கே கீழ்நோக்கித்தான் பாய்ந்தது. துரை அதைத் தொழிலாளி மேல் பாவிக்கலாம். தொழிலாளி அதைத் துரை மேல் பாவிக்க வழியில்லை.

நாங்கள் புரிந்துகொண்ட முதல் பாடம் இது. சட்டம் இருப்பதும் சட்டவாட்சி இருப்பதும் ஒன்றல்ல. கயிறு இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் அது மாட்டைக் கட்டின கயிறு.

1937: ஆளுநரையும் நிறுத்தலாம்

இரண்டாவது பாடம் ஒரு வெள்ளைக்காரரால் வந்தது.

மார்க் அன்டனி பிரேஸ்கேடில் இலண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் தேயிலைத் தொழில் பழகுவதற்காக இலங்கைக்கு வந்தார். அப்படி வருகிறவர்களைத் தோட்டத்துரைமார் ‘கிரீப்பர்’ என்பாங்க. சின்னத்துரை ஆவதற்கு முந்தின படி. மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை. வயது இருபதுகளின் நடுவில், கிட்டத்தட்ட எங்கள் வயதுதான். தொழிலாளர் வாழ்கிற நிலையைப் பார்த்து அவர்கள் பக்கம் பேசத் தொடங்கினார். வேலை போனது. அவர் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவும் அதில் பேசினார். ஆயிரக்கணக்கில் தோட்டத் தொழிலாளர்கள் கூடியிருந்தாங்க. அங்கே பிரேஸ்கேடில் மேடையேறி, துரைமார் தொழிலாளரைச் சுரண்டுவதைப் பகிரங்கமாகச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரர், வெள்ளைக்காரத் துரைமாரைப் பற்றி, தோட்ட மக்களுக்கு முன்னால்! தோட்டச் சொந்தக்காரர்களுக்கு இது பொறுக்குமா? அவர்கள் ஆளுநரிடம் போனாங்க.

ஆளுநர் சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் நாடுகடத்தும் உத்தரவில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 22ஆம் திகதி அது பிரேஸ்கேடிலுடைய கையில் கொடுக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் கப்பல் ஏறிவிட வேண்டும். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, என்ன குற்றம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவகாசம், அவ்வளவுதான்.

அவர் கப்பல் ஏறவில்லை. தலைமறைவானார். அரசாங்க சபையில் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் ஆளுநரைக் கண்டிக்கிற பிரேரணையைக் கொண்டுவந்தாங்க. 34க்கு 7 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் நடந்த மாபெரும் கூட்டத்தில் பிரேஸ்கேடில் திடீரென்று மேடையில் தோன்றினார். அதற்குப் பிறகு கைது செய்யப்பட்டார். உடனே அவர் சார்பில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. வாதாடியவர் எச்.வி. பெரேரா.

ஆளுநர் பாவித்தது 1896ஆம் ஆண்டின் ஒரு கட்டளை. அதில் நாடுகடத்தும் அதிகாரம் இருந்தது உண்மை. ஆனால் அது அவசரகாலத்துக்காக எழுதப்பட்டது. பிரதம நீதியரசர் ஆபிரகாம்ஸும் மற்ற இரண்டு நீதியரசர்களும் கேட்டது, சுருக்கமாகச் சொன்னால், இதுதான்: இப்போது என்ன அவசரகாலம்? ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியது அவசரகாலம் ஆகுமா? ஆகாது. ஆகவே ஆளுநருக்கு இந்த அதிகாரம் இல்லை. மே 18ஆம் திகதி பிரேஸ்கேடில் விடுதலையானார்.

இதை நாங்கள் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது எங்களுக்குள் ஒருவன் சொன்னான்: “சித்தி கேட்ட கேள்வியைத்தானே நீதிமன்றமும் கேட்டிருக்கு!” உண்மைதான். எந்தச் சட்டத்தில் இருக்கிறது, அந்தச் சட்டம் இந்த இடத்துக்குப் பொருந்துமா, காட்டு. ஆளுநர் இங்கிலாந்து மன்னருடைய பிரதிநிதி. அவராலும் காட்ட முடியவில்லை. ‘துரையோட ஓடர்’ என்ற பதில் அந்த ஒரு நாள் நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

இதைப் படிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்த நாவலப்பிட்டிக் கூட்டத்தில் பிரேஸ்கேடில் பேசினதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியை மறுநாள் தோட்டத்திலிருந்து விரட்டியிருந்தால்? அவருக்காக எந்த நீதிமன்றத்தில் எந்த வழக்கறிஞர் நின்றிருப்பார்?

மூன்றே வருடத்தில் ஒரு பதில் வந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளர் போராட்டம் நடந்தது. ஜனவரி 10ஆம் திகதி பொலீஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக்கு ஓர் ஆணைக்குழு வைத்தாங்க. கோவிந்தனுடைய மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா அங்கே வாதாடினார். பிரேஸ்கேடிலுக்குச் சட்டம் நேரத்துக்கு வந்தது. கோவிந்தனுக்கு இறந்த பிறகு வந்தது. மலையகம் இன்றும் ஜனவரி 10ஐ மறக்காமல் நினைவுகூர்கிறது.

1948: முறைப்படி நடந்த அநீதி

இனித்தான் மூன்றாவது பாடம். கஷ்டமான பாடமும் இதுதான்.

1947 பொதுத் தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்தாங்க. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை, அளுத்நுவர என்று 7 தொகுதிகளிலிருந்து அவர்களுடைய பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனாங்க. இன்னும் பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரி வேட்பாளர்களை வெல்ல வைத்தது.

அடுத்த வருடம் பெப்ரவரியில் சுதந்திரம். அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அது நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உங்களுடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவுடைய அப்பாவும், அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும்.

இதை ஒரு நிமிஷம் உங்கள் வீட்டுக்கே பொருத்திப் பாருங்கள். உங்கள் பூட்டனுடைய பிறப்புப் பத்திரம் வீட்டில் இருக்கிறதா? இலங்கையில் எத்தனை வீட்டில் இருக்கும்? தோட்டத்துக்கு அப்பால் கிராமத்தில் இருந்த ஒருவரிடமும் அது இருந்திருக்காது. ஆனால் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவரிடம் கேட்டாங்க.

1949இல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது. திருமணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மற்றது தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜை இல்லாதவர் பெயர் வாக்காளர் பதிவேட்டில் இருக்கக் கூடாது என்றது. பதிவுக்காக விண்ணப்பித்தவர்கள் சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் பேர். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டும்.

விளைவு? 1947இல் 7 பேர் போன இடத்துக்கு, 1952 தேர்தலில் மலையகத் தொழிலாளருடைய பிரதிநிதி ஒருவரும் போகவில்லை. அந்த மக்களுடைய வாக்கால் ஒருவர் மீண்டும் பாராளுமன்றம் போனது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானபோது. நடுவில் 30 வருடம்.

இதில் எங்களைத் தொந்தரவு செய்கிற விஷயம், இவையெல்லாம் சட்டப்படி நடந்தன என்பதுதான். யாரும் இரவோடிரவாக வந்து வாக்குச்சீட்டைப் பறிக்கவில்லை. பாராளுமன்றத்தில் மசோதா வந்தது, விவாதம் நடந்தது, எண்ணி வாக்கெடுத்தாங்க, பெரும்பான்மை ஆம் என்றது. எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தாங்க. இந்தச் சட்டங்களை ஒட்டி எழுந்த பிளவும் சேர்ந்துதான் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்க வழி செய்தது. எல்லாம் ஒழுங்கு முறைப்படி. 1937இல் ஆளுநர் செய்த மாதிரி அவசரக் கையெழுத்து இல்ல.

அப்படியானால் இது சட்டவாட்சிதானா?

கொடக்கன்பிள்ளை வழக்கு

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. மலைநாட்டின் விளிம்பில் இருக்கும் கேகாலை மாவட்டத்தில் கொடக்கன்பிள்ளை என்பவர் தன்னுடைய பெயரை வாக்காளர் பதிவேட்டில் சேர்க்கும்படி கேட்டார். பிரஜை என்று நிரூபிக்கவில்லை என்று மறுத்தாங்க. அவர் விடவில்லை.

அவருடைய கையில் ஓர் ஆயுதம் இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகமான, மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத கட்டுப்பாட்டை விதிக்கிற சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது என்று அது சொன்னது. அதாவது ஆளுநருக்கு மேல் ஒரு சட்டம் இருந்த மாதிரி, பாராளுமன்றத்துக்கு மேலும் ஒரு சட்டம் இருந்தது.

முதலில் விசாரித்த மீளாய்வு அதிகாரி அவருக்குச் சார்பாக முடிவு சொன்னார். இந்தச் சட்டங்கள் ஒரு சமூகத்தைக் குறிவைக்கின்றன, ஆகவே செல்லாது என்றார். ஓர் அதிகாரி தன்னை நியமித்த அரசுடைய சட்டத்தையே செல்லாது என்று எழுதினதை நினைத்துப் பாருங்கள். ஆனால் 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. பிரஜாவுரிமைச் சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, அது எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொருந்துகிற சட்டம் என்பது அதன் பார்வை. வழக்கு இலண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்கு, அதாவது பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1953இல் அங்கேயும் தோல்வி. யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான வேலை என்று அது சொன்னது.

சட்டத்தில் எங்களுடைய பெயர் இல்லை. ஆகவே சட்டம் எங்களைக் குறிக்கவில்லை. இதுதான் அந்த நியாயத்தின் சாரம். லயத்து வாசலில் எட்டடிக்கு ஒரு கம்பியைக் கட்டி, “எல்லாரும் இதைத் தாண்டலாம், ஏணி வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விதி” என்று சொன்னால் அது சமத்துவமா?

1937ஐயும் 1953ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இடைவெளி 16 வருடம். முதலாவதில் ஒரே ஒரு மனிதன், வென்றான். இரண்டாவதில் பின்னால் லட்சக்கணக்கானவர்கள், தோற்றாங்க. முதலாவது காலனித்துவ ஆட்சியில், இரண்டாவது சுதந்திர நாட்டில். இதை வைத்து வெள்ளைக்கார ஆட்சி நல்லது என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது பெரிய பிழை. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போட்டது யார்? ஆட்களைக் கொண்டுவந்து, துண்டில் கட்டிப்போட்டு, எந்த நாட்டுக்காரர் என்று தெளிவில்லாமல் விட்டுப் போனது யார்?

எங்களுக்குத் தெரிந்த வித்தியாசம் வேறு. 1937இல் நீதிமன்றம் சட்டத்தின் எழுத்தோடு நிற்கவில்லை. அந்த அதிகாரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்றும் பார்த்தது. 1953இல் எழுத்தைப் பார்த்தது, அந்த எழுத்து யாருடைய தலையில் விழுகிறது என்று பார்க்கவில்லை. சட்டவாட்சியைச் ‘சட்டத்தால் ஆளுவது’ என்று மட்டும் எடுத்தால் 1948ம் சட்டவாட்சிதான். ஆனால் அப்படியென்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் போகும். எந்த அரசும் நாலு பேரைச் சேர்த்து ஒரு சட்டம் போடலாம். வாக்கை இழக்கப் போகிறவர்களுடைய வாக்கையே எடுத்துவிட்டால் பிறகு அந்தச் சட்டத்தை மாற்றவும் ஒருவரும் இருக்க மாட்டாங்க. மலையகத்துக்கு நடந்தது அதுதான். சட்டத்தை எதிர்க்கிற கையையே சட்டம் வெட்டியது.

கடதாசிக்கு 55 வருடம்

பிரஜாவுரிமை இல்லாதவர் என்றால் என்ன? வாக்கு இல்லை என்பது மட்டும் இல்லை. யார் உங்களைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் உங்களிடம் கேட்கத் தேவையில்லை என்று அர்த்தம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேருடைய தலைவிதி அதில் எழுதப்பட்டது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டாங்க. 1974இல் அந்த மிச்சத்தையும் இரண்டு நாடும் 75 ஆயிரம், 75 ஆயிரம் என்று சமமாகப் பங்குபோட்டன. கொழுந்தை நிறுத்துப் பிரிக்கிற மாதிரி. அந்த 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் ஒருவரிடமாவது “நீ எங்கே இருக்க விரும்புறாய்?” என்று கேட்டுவிட்டு அந்த எண்களை எழுதவில்லை.

எங்கள் வீடுகளில் இதை வரலாறாகச் சொல்ல மாட்டாங்க. “பெரியப்பா கோச்சி ஏறிப் போனாரு” என்றுதான் சொல்லுவாங்க. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கு நீலகிரியில் இருக்கிறாங்க. இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று சொன்னாங்க. அங்கே ‘சிலோன்காரர்’ என்று சொன்னாங்க.

பிறகு 1986இல் ஒரு சட்டம், 1988இல் ஒரு சட்டம். கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. 1948இல் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து முடிக்க 55 வருடம். எங்களில் பலர் பிறந்த காலம் அது. அதாவது எங்களுடைய தலைமுறைதான் பிறக்கும்போதே சந்தேகமில்லாமல் பிரஜையாகப் பிறந்த முதல் தலைமுறை. எங்களுடைய அம்மாயிமார் அடையாள அட்டையை இன்றும் சீலைத்துணியில் சுற்றி, ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருப்பதைப் பார்த்துச் சின்ன வயசில் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வருவதில்லை.

இன்றைக்கு?

பிரஜாவுரிமை கிடைச்சதோட எல்லாம் சரியாச்சா? இல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைப் பாருங்கள். தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளரும் ஆகலாம். ஆனால் சபையின் காசை எடுத்துத் தோட்டத்துக்குள் ஒரு ரோட்டைப் போடச் சட்டம் தாராளமாக இடம் கொடுக்கவில்லை. தோட்டம் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது, அது பொது இடம் இல்லை என்பது காரணம். தான் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை தன் லயத்துக்கு வர முடியாது! 2018இல்தான் இதைத் திருத்தினாங்க. 31 வருடம் இந்தச் சட்டமும் சட்டமாகத்தான் இருந்தது.

இன்னொரு சம்பவம் எங்களுக்குள்ளேயே சண்டையை உண்டாக்கியது. 2024 மே மாதம் நாள் சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள், அமைச்சருடைய முடிவு சட்டப்படியானது இல்லை என்று நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் 1,350 என்று புது வர்த்தமானி வந்தது. எங்களுக்குப் பயங்கரக் கோபம். “நீதிமன்றம் யாருடைய பக்கம்?” என்று கேட்டோம்.

அப்போது எங்களுடைய ஒரு தோழி கேட்டாள்: “1937இல் ஆளுநரை நிறுத்தினதுக்குக் கைதட்டினோமே. அமைச்சரும் முறைப்படி நடக்கணும்னு கேட்டா மட்டும் ஏன் கோபம்?” கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. எங்களுக்குச் சாதகமான முடிவானாலும் அது ஒழுங்கான வழியில் வர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வழக்கிலேயே அதைப் பிடுங்கிவிடலாம். தேர்தல் காலத்து அவசர வாக்குறுதியை விட, யாராலும் உடைக்க முடியாதபடி முறையாகச் செய்த குறைந்த உயர்வு சில நேரம் பலமானது.

ஆனால் நாங்கள் அவளுக்குச் சொன்ன பதிலும் உண்மை. கம்பனி ஒரு வர்த்தமானியை எதிர்த்து உடனே உயர் நீதிமன்றம் போகலாம். அதற்கு வழக்கறிஞர் இருக்கிறார், கோப்பு இருக்கிறது, காசு இருக்கிறது. 18 கிலோவை 20 கிலோவாக்கின அந்தப் பின்னேரத்தை எதிர்த்துச் சித்தி எங்கே போவார்? தொழில் அலுவலகம் டவுனில். போனால் ஒரு நாள் பேர் போகும். பஸ் காசு போகும். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாயால் சொன்னதுதான். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வது போதாது. அந்தக் கதவு வரைக்கும் நடந்து போக ஒரு சாதாரண மனுஷிக்கு முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். பதிலை உங்களிடமே விடுகிறோம். எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை.

அப்போ நாங்கள் என்ன செய்யலாம்?

பெரிய பெரிய தீர்வு சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. நாங்களும் படித்துக்கொண்டிருக்கிறவர்கள்தான். ஆனால் இந்த வரலாற்றைப் படித்ததில் ஒன்று மட்டும் தெளிவானது. மலையகத்தில் சட்டம் எப்போதும் கடதாசி வடிவத்தில்தான் வந்திருக்கிறது. துண்டு ஒரு கடதாசி. பற்றுச்சீட்டு ஒரு கடதாசி. பூட்டனுடைய பிறப்புப் பத்திரம், இல்லாமல் போன ஒரு கடதாசி. கடதாசி எங்களிடம் இல்லாதபோதெல்லாம் தோற்றிருக்கிறோம். ஆகவே படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள் முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் இருப்பவர்களுக்குக் கடதாசி வாசித்துக் கொடுப்பது. சம்பளச் சிட்டையில் என்ன கழித்திருக்கிறாங்க, ஈ.பி.எஃப். ஒழுங்காகக் கட்டியிருக்கிறாங்களா, வாக்காளர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா. இது புரட்சி இல்ல. ஆனால் லீவுக்கு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவராலும் முடியும்.

மறுவாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் தோழி சித்தியுடைய கேள்வியை ஒரு கடிதமாக எழுதினாள். எந்தத் திகதியில், எந்த மலையில், எத்தனை கிலோவை எத்தனையாக மாற்றினாங்க, அதை எப்போது அறிவித்தாங்க, எந்த ஒப்பந்தத்தின்படி என்று நான்கு வரி. அந்த மலையில் வேலை செய்த 23 பேர் கையெழுத்து வைத்தாங்க. சிலர் கைநாட்டு. ஒரு பிரதியைத் தோட்டத்து ஒபிசில் கொடுத்து, இன்னொரு பிரதியில் ‘கிடைத்தது’ என்று சீல் போட்டு வாங்கினாங்க. சீல் போட மாட்டோம் என்றுதான் முதலில் சொன்னாங்களாம். சித்தி நகரவில்லை.

அரைப்பேர் முழுப்பேர் ஆகவில்லை. அந்தச் சம்பளம் இன்னும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை கிலோ என்பதைக் காலையிலேயே, பெரட்டுல வைத்துச் சொல்றாங்களாம்.

சித்தி அந்தச் சீல் போட்ட பிரதியை அடையாள அட்டையோட சேர்த்து ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.